நாட்டுக்கோழிகளுக்குக் குடற்புழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கடையில் பத்து, இருபது நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள், ஒரு கோழி சோர்ந்து நின்றதுமே முதலில் கேட்பது "என்ன பூச்சி மருந்து கொடுக்கலாம்?" என்பதுதான். எந்தப் புழு, கோழியின் எடை எவ்வளவு, அது எந்த மண்ணில் மேய்கிறது ஆகிய மூன்றையும் பார்க்காமல் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் வீணாகிறது. இதையே பலரிடமும் சொல்ல வேண்டியிருந்ததால், வழக்கமாக வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்து, விடைகளை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் திறந்தவெளியில் மேயும் சிறுவிடை, பெருவிடை, அசில் போன்ற கோழிகளுக்காக எழுதியது இது. கூண்டில் வளரும் பண்ணை முட்டைக்கோழிகளுக்கு இதில் பல பொருந்தாது.

கோழி வயித்துல பூச்சி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் தெரிவது எடைக் குறைவு. கோழி வழக்கம்போல் இரை எடுக்கும். ஆனால் கையில் தூக்கினால் கனம் இருக்காது. நெஞ்செலும்பின் இருபுறமும் விரலால் தடவிப் பாருங்கள். நல்ல கோழிக்கு எலும்பின் இருமருங்கிலும் சதை நிறைந்திருக்கும். புழு பிடித்த கோழிக்குச் சதை வற்றி, எலும்பின் விளிம்பு கத்திபோல் கையில் குத்தும். கொண்டையும் தாடியும் சிவப்பு மங்கி வெளிறும், இறக்கைகள் தொங்கும், இறகு பளபளப்பை இழக்கும், முட்டை குறையும், எச்சம் நீர்த்துப் போகும்.

இவற்றில் எந்த ஒன்றும் குடற்புழுவுக்கு மட்டுமே உரிய அறிகுறி அல்ல. தீவனப் பற்றாக்குறை, பேன், உண்ணி, நாள்பட்ட வேறு நோய்கள் ஆகியவையும் கோழியை இப்படியே ஆக்கும். ஆகவே, மெலிந்த கோழியின் இறக்கை அடியையும் எச்சத்துவாரத்தைச் சுற்றிய இறகையும் விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே புழுவைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கோழி மட்டும் மெலிவதைவிட, ஒரே வயதுக் குஞ்சுகளில் பாதி வளர்ந்தும் பாதி குன்றியும் நிற்பது புழுவுக்கு வலுவான அடையாளம்.

எச்சத்துல ஒண்ணுமே தெரியல. அப்ப பூச்சி இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. உருளைப்புழுக்கள் குடலுக்குள்ளேயே வாழ்கின்றன. அவை வெளியேற்றும் முட்டைகளே எச்சத்தில் வருகின்றன. அவற்றை நுண்ணோக்கி இல்லாமல் காண முடியாது. முழுப்புழு எச்சத்தில் வந்து விழுவது, குடலில் எண்ணிக்கை மிக அதிகமாகிவிட்ட நிலையிலோ மருந்து கொடுத்த பின்போதான் பெரும்பாலும் நிகழ்கிறது. நாடாப்புழு மட்டுமே இதற்கு ஓரளவு விலக்கு. அதன் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும்.

எத்தனை வகைப் பூச்சி இருக்கு? எல்லாத்துக்கும் ஒரே மருந்து போதாதா?

நம் கோழிகளில் முக்கியமானவை நான்கு. முதலாவது பெரிய உருளைப்புழு. அறிவியல் பெயர் அஸ்காரிடியா காலி. மஞ்சள் கலந்த வெண்மை நிறத்தில் இருக்கும். பெண் புழு 7 முதல் 12 செ.மீ. வரை வளரும். சிறுகுடலில் வாழ்ந்து, எண்ணிக்கை மிகுந்தால் குடலையே அடைத்துவிடும். இரண்டாவது குடல்வால் புழு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் கோழிக்கு இரண்டு குடல்வால்கள் உண்டு. அவற்றின் நுனியில் இப்புழு கூட்டமாக இருக்கும். நீளம் 1 முதல் 1.5 செ.மீ. மட்டுமே. கோழிக்கு இதனால் நேரடித் தீங்கு குறைவு; வான்கோழி வளர்ப்பவர்களுக்கு மட்டும் பெரும் தீங்கு, அது பின்னால் வருகிறது.

மூன்றாவது முடிப்புழு. நூலிழையைவிட மெல்லியது, கண்ணுக்கு எளிதில் படாது. ஆனால் குடல் சவ்வைத் துளைத்துக் கடும் அழற்சியை உண்டாக்குவதால், சில புழுக்களே இருந்தாலும் கோழி வேகமாக மெலியும். நான்காவது நாடாப்புழு. நம் ஊர்க்கோழிகளில் ரெய்லிடினா இனம் மிகச் சாதாரணம். இதன் தலை குடல் சவ்வில் பதிந்திருக்க, உடல் துண்டு துண்டாக வளர்ந்து, முட்டை நிறைந்த கடைசித் துண்டுகள் எச்சத்துடன் கழிகின்றன.

முதல் மூன்றும் உருளைப்புழு வகுப்பு, நான்காவது வேறு வகுப்பு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பைபரசின் மருந்து பெரிய உருளைப்புழுவை மட்டுமே வெளியேற்றும். நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. "மருந்து கொடுத்தோம், பலனில்லை" என்ற குறைகளில் பலவற்றின் காரணம் இதுவே.

எச்சத்துல வெள்ளையா நெளியுது. இது என்ன பூச்சி?

எச்சம் எவ்வளவு புதிது என்பதைப் பொறுத்தது விடை. கோழி இட்ட சில நிமிடங்களுக்குள் பார்த்த எச்சத்தின் மேற்பரப்பில், வெந்த சோற்றுப் பருக்கைபோல் தட்டையாக, மெல்லச் சுருங்கி விரியும் துண்டுகள் தெரிந்தால் அவை நாடாப்புழுத் துண்டுகள். வெயில் பட்டதும் காய்ந்து எள்ளளவாகிவிடும். அதனால் அதிகாலையில், கோழிகள் கூட்டைவிட்டு இறங்கிய உடன் பார்ப்பது நல்லது.

முந்திய நாள் எச்சத்தில் சுறுசுறுப்பாக ஊர்ந்து ஓடும் வெள்ளைப் புழுக்கள் ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தவை. கோழியின் குடலிலிருந்து வந்தவை அல்ல. அவற்றுக்குக் கோழிக்கு மருந்து கொடுக்கத் தேவையில்லை, எச்சத்தை அள்ளிவிட்டால் போதும். நாளுக்குச் சில முறை கோழி இடும் பழுப்பு நிற, பசைபோன்ற, நாற்றம் மிகுந்த எச்சம் குடல்வாலிலிருந்து வருவது, அதுவும் இயல்பானதே. அதைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து வாங்க ஓடுபவர்கள் பலர்.

கழிச்சல்னாலே பூச்சிதானா? ரத்தக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல் எல்லாம்?

இவை மூன்றும் வெவ்வேறு. ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிரிகளால் வருவது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளில், ஈரமான தரையில் வேகமாகப் பரவும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். அதற்குக் குடற்புழு மருந்து எதுவும் வேலை செய்யாது. ஆம்ப்ரோலியம் போன்ற தனி மருந்துகள் உள்ளன.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வைரசால் வருவது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், சில கோழிகளுக்குக் கழுத்து திருகும், ஓரிரு நாட்களில் பல கோழிகள் ஒன்றாக மடியும். குடற்புழு இப்படி ஒரே வீச்சில் கோழிகளைக் கொல்வதில்லை. வாரக்கணக்கில் மெலிய வைக்கும். எனவே கூட்டமாகச் சாவு விழுந்தால் புழு மருந்தைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

செத்த கோழியை அறுத்துப் பார்த்தா தெரியுமா?

நன்றாகத் தெரியும், இறைச்சிக்காக அறுக்கும் கோழியின் குடலையும் எறியாமல் பார்த்துவிடுவது ஒவ்வொரு வளர்ப்பாளரும் பழக வேண்டிய வழக்கம். கையுறை போட்டுக்கொண்டு, இரைப்பைக்கு அடுத்த இடத்திலிருந்து எச்சத்துவாரம் வரை குடலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி, நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விரித்து வையுங்கள். பெரிய உருளைப்புழுக்கள் உடனே மிதந்து வரும். நாடாப்புழு சவ்வில் ஒட்டிக்கொண்டு நீரில் ஆடும். குடலின் வெளிப்புறத்தில் சிறு முடிச்சுகள் இருந்தால் அதுவும் ஒருவகை நாடாப்புழுவின் வேலைதான். குடல்வால்களின் நுனியைத் தனியாகத் திறக்க வேண்டும்.

முடிப்புழுவைப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும். குடல் சவ்வைக் கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டி, அந்தச் சளியை அடிப்பக்கம் கறுப்பாக உள்ள பாத்திரத்தில் நீர்விட்டு அலசி, சாய்த்துப் பாருங்கள். கறுப்பின் மேல் வெண்ணிற இழைகளாகத் தெரியும். ஒன்று மட்டும் முக்கியம்: பல கோழிகள் திடீரென ஒன்றாகச் செத்திருந்தால் எதையும் அறுக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் போன்ற மனிதருக்கும் தொற்றும் நோயாக இருக்கலாம். அதைத் திறந்து பார்ப்பது மருத்துவரின் வேலை.

எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாமா? எங்கே கொடுக்கிறது?

கொடுக்கலாம், மருந்துக்கு முன் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் அது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால், மாவட்டந்தோறும் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு உண்டு; நாமக்கல், சென்னை, திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. ஐந்தாறு கோழிகளின் புதிய எச்சத்தைச் சிறிது சிறிதாக ஒரு மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்து, வெயில் படாமல் அன்றே சேர்த்துவிட வேண்டும்.

உப்புக் கரைசலில் எச்சத்தைக் கலக்கினால் புழு முட்டைகள் மேலே மிதக்கும். அதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ரத்தக்கழிச்சலுக்குக் காரணமான உயிரியும் இதே சோதனையில் தெரிந்துவிடும். ஆனால் நாடாப்புழு துண்டாகவே கழிவதால் இச்சோதனையில் தப்பிவிடக்கூடும். "முட்டை இல்லை" என்று முடிவு வந்தாலும், எச்சத்தில் துண்டுகளை நீங்கள் கண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குஞ்சுக்கு எத்தனை நாள்ல முதல் மருந்து கொடுக்கணும்?

பொதுவாக ஆறு முதல் எட்டு வார வயதில். குஞ்சு விழுங்கிய உருளைப்புழு முட்டை முழுப்புழுவாகித் தானும் முட்டையிட ஐந்து முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதற்கு முன் கொடுப்பதில் பெரிய பயனில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கோழிகளே உருளைப்புழுவால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. வயது ஏற ஏற எதிர்ப்பாற்றல் கூடும். ஆகையால் வளர்ந்த கோழிக்கு மருந்து கொடுத்துவிட்டுக் குஞ்சுகளை விட்டுவிடுவது தலைகீழான செயல்.

அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது நம் ஊரில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எச்சப் பரிசோதனை செய்ய முடிந்தால் அதன் முடிவைப் பார்த்துக் கொடுப்பதே மேல். முடியாதவர்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்த பின் ஒருமுறையும் தவறாமல் கொடுப்பதை முதன்மையாகக் கொள்ளலாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த காலத்தில்தான் மண்ணில் கிடக்கும் முட்டைகள் வேகமாகத் தொற்றும் நிலையை அடைகின்றன.

எந்த மருந்து, எவ்வளவு கொடுக்கணும்? சும்மா ஒரு மூடின்னு சொல்றாங்களே?

மூடிக் கணக்கை விட்டுவிடுங்கள். அளவு எப்போதும் எடையைப் பொறுத்தது. சமையலறைத் தராசிலோ கொக்கித் தராசிலோ கோழியை ஒரு பைக்குள் வைத்து நிறுத்துவிட முடியும்.

உருளைப்புழு வகைகளுக்குப் பொதுவாகப் பயன்படுவது ஆல்பென்டசோல். கிலோ எடைக்கு 10 மி.கி. என்பது வழக்கமான அளவு. நீர்ம மருந்து 2.5 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 25 மி.கி. இருக்கும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு 15 மி.கி. தேவை, அதாவது 0.6 மி.லி. அதே மருந்து 10 சதவீதமாக இருந்தால் 0.15 மி.லி. போதும், இவ்வளவு சிறிய அளவைத் துல்லியமாக எடுப்பது கடினம் என்பதால் கோழிக்கு 2.5 சதவீத மருந்தையே வாங்குங்கள். நாடாப்புழு உறுதியானால் கிலோவுக்கு 20 மி.கி. தேவைப்படும், அதைவிட நாடாப்புழுவுக்கென்றே உள்ள பிராசிகுவான்டல் சிறந்தது, மருத்துவரின் சீட்டுப்படி கொடுக்க வேண்டும்.

ஃபென்பென்டசோல் இன்னொரு நல்ல மருந்து. குடிநீரில் கொடுக்கும் வகையில், கிலோவுக்கு 1 மி.கி. வீதம் தொடர்ந்து ஐந்து நாட்கள் கொடுக்கும் முறை உண்டு. லெவமிசோல் நன்றாக வேலை செய்யும். ஆனால் அளவு கூடினால் நஞ்சாகிவிடும், ஆகவே கைக்கணக்கில் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. பைபரசினின் உப்பு வகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், புட்டியில் அச்சிட்டுள்ள அளவை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

தண்ணியில கலந்து வச்சா போதாதா? ஒவ்வொண்ணா பிடிக்க முடியலையே.

ஆல்பென்டசோல் நீரில் கரைவதில்லை. கலக்கி வைத்தால் சிறிது நேரத்தில் அடியில் தங்கிவிடும். முதலில் குடித்த கோழிக்கு ஒன்றும் கிடைக்காது, கடைசியில் குடித்ததற்கு அதிகமாகப் போகும். நீரில் கலக்க உகந்தது என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்தை மட்டுமே நீரில் கலக்கலாம். அப்போதும் காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்து, மூன்று நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு நீரில் மட்டும் கலக்க வேண்டும். கோடை உச்சியில் தண்ணீரை நிறுத்தி வைப்பது ஆபத்து, ஆதலால் விடியற்காலையிலேயே இதை முடித்துவிடுங்கள்.

பிடிக்க முடியாத கோழிகளுக்குத் தீவனத்தில் கலப்பது எளிது. சராசரி ஒன்றரைக் கிலோ எடையுள்ள 20 கோழிகள் என்றால் மொத்த எடை 30 கிலோ, 300 மி.கி., அதாவது 2.5 சதவீத மருந்தில் 12 மி.லி. தேவை. இதை அரைக் கிலோ தவிட்டிலோ ஊறவைத்த கம்பிலோ நன்றாகப் பிசிறி, காலை முதல் இரையாக, எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் கொத்தும்படி நீளமாகப் பரப்ப வேண்டும். சேவலும் வலிய பெட்டைகளும் நோஞ்சான்களை விரட்டிவிடும். மருந்து யாருக்குத் தேவையோ அதற்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான். மெலிந்த கோழிகளை மட்டுமாவது முந்திய இரவே பஞ்சாரத்தில் (கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடையில்) அடைத்து, தனித்தனியே வாயில் கொடுங்கள். ஊசி நீக்கிய ஒரு மி.லி. சிரிஞ்சை அலகின் ஓரமாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருப்பதால் நேராகப் பீய்ச்சினால் புரையேறிக் கோழி செத்துவிடும்.

ஆட்டுக்கு வாங்கின மருந்து மீதி இருக்கு. இல்லைன்னா மனுஷங்க சாப்பிடற மாத்திரையைக் கொடுக்கலாமா?

ஆட்டு மருந்தின் சீட்டை முழுவதும் படியுங்கள். தனி ஆல்பென்டசோல் என்றால், சதவீதத்தைப் பார்த்து மேலே சொன்ன கணக்குப்படி கொடுக்கலாம். ஆனால் ஆடு மாடுகளுக்கான பல மருந்துகளில் ஐவர்மெக்டின், குளோசான்டல், ஆக்ஸிகுளோசனைடு போன்றவை சேர்ந்திருக்கும். அவற்றைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான மாத்திரை ஒன்றில் 400 மி.கி. உள்ளது. அது ஒன்றரைக் கிலோ கோழிகள் இருபத்தாறுக்கான மருந்து. அதைக் கிள்ளிக் கொடுத்து அளவு சரியாக வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மருந்து கொடுத்து ரெண்டு நாளாச்சு, ஒரு பூச்சிகூட விழல. மருந்து போலியா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். பைபரசின் புழுவை மயக்கிப் பிடியை விடச் செய்வதால், உயிருள்ள புழுக்கள் அன்றோ மறுநாளோ முழுதாக வந்து விழும். ஆல்பென்டசோலும் ஃபென்பென்டசோலும் புழு உணவை எடுத்துக்கொள்வதையே தடுத்து மெதுவாகக் கொல்கின்றன. இறந்த புழு குடலிலேயே பெருமளவு செரித்துவிடலாம். விழுந்த புழுவின் எண்ணிக்கையை வைத்து மருந்தை மதிப்பிடாமல், இரண்டு வாரம் கழித்து எச்சத்தைச் சோதியுங்கள். நெஞ்செலும்பையும் மறுபடி தடவிப் பாருங்கள்.

ஒரு தடவை கொடுத்தா போதுமா?

புழு பிடித்தது உறுதியான கூட்டத்துக்குப் போதாது. உருளைப்புழுவின் இளம் பருவம் சில காலம் குடல் சவ்வுக்குள் புதைந்திருக்கும்; அந்நிலையில் பல மருந்துகள் அதை முழுமையாக எட்டுவதில்லை. எனவே இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுமுறை கொடுப்பது அவசியம்.

மருந்து கொடுத்த கோழியோட முட்டையைச் சாப்பிடலாமா? கறி?

புட்டியில் முட்டைக்கும் இறைச்சிக்கும் எத்தனை நாள் விலக்கு என்று குறிப்பிட்டிருந்தால் அதன்படி நடக்க வேண்டும். கோழிக்கென்று குறிப்பிடப்படாத மருந்தைக் கொடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் வரை காத்திருங்கள். குறைந்தது இரண்டு வாரம் முட்டையையும் கறியையும் ஒதுக்குவது பாதுகாப்பு. முட்டையை விற்பவர்களுக்கு இதில் சலுகையே கிடையாது. வாங்குபவர் நாட்டுக்கோழி முட்டையில் மருந்து இருக்காது என்று நம்பித்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்; பல வீடுகளில் அது குழந்தைக்குப் போகிறது.

அடையில இருக்கிற கோழிக்குக் கொடுக்கலாமா?

அடைகாக்கும் 21 நாட்களில் கோழி மிகக் குறைவாகவே தின்னும், உடலும் இளைக்கும். அந்நேரத்தில் மருந்து வேண்டாம். அடை வைக்கப்போகும் பெட்டைக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்து, இரண்டு வாரம் போன பின் இடும் முட்டைகளை அடைக்குச் சேர்ப்பதே சரி. ஆல்பென்டசோல் வளரும் கருவைப் பாதிக்கும் தன்மை பாலூட்டிகளில் அறியப்பட்டது; அடை முட்டையிலும் அந்த எச்சரிக்கை தேவை. அப்படி முன்கூட்டியே கொடுக்காமல் விட்டு, குஞ்சு பொரித்த தாய்க்கோழி புழுவோடு இருந்தால், குஞ்சுகள் கிளறும் மண்ணில் அதுவே முதல் முட்டைகளைப் போட்டு வைக்கும்.

வேப்பிலை, குப்பைமேனி, பூசணி விதை கொடுத்தா பூச்சி போகாதா?

இவற்றை நம்பிக்கையோடு கொடுப்பவர்களை நான் தடுப்பதில்லை. வேப்பிலை, குப்பைமேனி, பப்பாளி விதை போன்றவை மிதமான அளவில் கோழிக்குக் கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. பப்பாளிப் பால் கோழியின் உருளைப்புழுவுக்கு எதிராக வேலை செய்வது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆனால் வீட்டில் அரைத்துத் தரும் உருண்டையில் செயற்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஆகவே, நல்ல உடல்நிலையில் உள்ள கூட்டத்துக்கு இடையிடையே கொடுக்கலாம். ஏற்கெனவே நெஞ்செலும்பு குத்தும் அளவுக்கு மெலிந்த குஞ்சுக்கு மூலிகையை நம்பிக் காத்திருப்பது அதைச் சாகவிடுவதாகும். கொட்டைப்பாக்கைக் கொடுக்காதீர்கள், அதிலுள்ள சத்து சிறு பறவைக்கு எளிதில் நஞ்சாகும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை போன்றவற்றை நான் வலியுறுத்துவது வேறு காரணத்துக்காக: உயிர்ச்சத்து ஏ-யும் புரதமும் குறைந்த கோழியில் உருளைப்புழு எளிதாகப் பெருகும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொடுத்தும் திரும்பத் திரும்ப வருதே, ஏன்?

மருந்து கோழியைச் சுத்தம் செய்கிறது, மண்ணை அல்ல. எச்சத்தில் விழுந்த முட்டை ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஏறத்தாழ 10 முதல் 20 நாட்களில் தொற்றும் நிலைக்கு வந்து, மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மருந்து கொடுத்த மறுநாளே அதே கொல்லையில் கோழி கிளறித் தின்னும்போது அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. மண்புழுவின் உடலிலும் குடல்வால் புழுவின் முட்டையும் சில முடிப்புழுக்களும் தங்கியிருக்கும். நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ, நத்தை வழியாக வருகிறது. அவற்றைத் தின்னாத நாட்டுக்கோழி இல்லை.

கிருமிநாசினி தெளிப்பதால் இந்த முட்டைகள் சாவதில்லை. கடுமையான வறட்சியும் நேர் வெயிலுமே அவற்றை அழிக்கும். ஆகவே பணத்தை ஃபீனாயிலில் போடாமல் இடத்தை உலர்த்துவதில் போடுங்கள். பஞ்சாரத்தை ஒரே இடத்தில் கவிழ்க்காமல் ஓரிரு நாளுக்கு ஒருமுறை நகர்த்துங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறாகும் இடம்தான் பெரும்பாலான வீடுகளில் தொற்றின் மையம். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, கீழே மணல் கொட்டுங்கள். இரைப் பாத்திரத்தைக் கோழி ஏறி நின்று எச்சமிட முடியாதபடி வையுங்கள். தானியத்தைத் தரையில் இறைக்காதீர்கள். இரவு அடையும் கொட்டகையில் மூங்கில் பட்டையால் இடைவெளி விட்டுத் தளம் அமைத்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். உமியோ தென்னை நார்க்கழிவோ பரப்பிய கொட்டகை என்றால், அடிக்கடி கிளறி, ஈரமான பகுதியை அள்ளி மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் செய்ய முடியாதவர்கள் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்: எட்டு வாரம் வரை குஞ்சுகளைப் பெரிய கோழிகள் மேயும் மண்ணில் விடாதீர்கள். எச்சத்தைத் தோட்டத்துக்கு எருவாக இடுபவர்கள் குவித்து மட்க வைத்த பின்பே இட வேண்டும். குவியலின் உட்சூடு முட்டைகளை அழிக்கும்.

நாலு வான்கோழியும் கூடவே வளர்க்கிறேன். ஏதாவது பிரச்சினையா?

உண்டு. முன்னர் சொன்ன குடல்வால் புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற உயிரி தங்கியிருக்கும். கோழிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வான்கோழியின் குடல்வாலையும் ஈரலையும் அது தாக்கிப் பெருமளவு உயிரிழப்பை உண்டாக்கும். எச்சம் கந்தக மஞ்சள் நிறத்தில் கழிவது அடையாளம். நோய் வந்த பின் நம்பகமான மருந்து இல்லை. கோழிகளையும் வான்கோழிகளையும் ஒன்றாகவோ, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நிலத்திலோ வளர்க்காமல் இருப்பதுதான் வழி.

முட்டையை உடைச்சா உள்ளே புழு இருந்துச்சு. இது எப்படி? எங்களுக்கும் தொத்துமா?

கோழியின் குடலும் முட்டைக்குழாயும் ஒரே வாயிலில் திறக்கின்றன. மிக அரிதாக, குடலிலிருந்து வந்த உருளைப்புழு முட்டைக்குழாயில் ஏறி, ஓடு உருவாகும் முன் உள்ளே சிக்கிக்கொள்ளும். அந்த ஒரு முட்டையை எறிந்துவிட்டு, கூட்டம் முழுவதற்கும் உடனே மருந்து கொடுங்கள். ஒரு முட்டையில் புழு வந்திருந்தால் குடலில் எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்று பொருள்.

கோழியின் உருளைப்புழு மனிதரின் குடலில் வாழ்வதில்லை. நன்றாக வேகவைத்த கறியாலும் முட்டையாலும் புழு தொற்றாது. இருந்தாலும் எச்சத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருப்பதால், கூட்டைச் சுத்தம் செய்த கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது கட்டாயம். குழந்தைகளைப் பஞ்சாரத்தடியில் விளையாட விட வேண்டாம்.

தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

புழு நிறைந்த, சத்துக் குறைந்த கோழியின் உடல் தடுப்பூசிக்குப் போதிய எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதில்லை. எட்டு வாரத்தில் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாமுக்கு ஊரில் தேதி சொல்லும்போதே மருந்துக்கும் நாள் குறித்துக்கொள்ளலாம்.

மருந்து கொடுத்த மறுநாளே ரெண்டு கோழி செத்துப்போச்சு. மருந்துதான் கொன்னுச்சா?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வாயில் விட்டபோது புரையேறியிருக்கலாம். அப்படியானால் சாவு சில மணி நேரத்துக்குள் நிகழ்ந்திருக்கும். இரண்டு, அளவு கூடியிருக்கலாம். ஆல்பென்டசோலில் இதற்கு வாய்ப்புக் குறைவு, லெவமிசோலில் அதிகம். மூன்று, புழு மிக அதிகமாக இருந்த நலிந்த கோழியில், ஒரே நேரத்தில் பிடிவிட்ட புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம்.

மேலே சொன்னபடி குடலைத் திறந்து பார்த்தால் மூன்றாவது காரணம் உடனே தெரிந்துவிடும். மிக மெலிந்த கோழிகளை முதலில் இரண்டு மூன்று நாள் தனியே வைத்து, கஞ்சியும் பொடித்த தானியமும் கொடுத்துத் தேற்றி, மருத்துவரிடம் கேட்டுப் பின்பு மருந்து கொடுப்பது நல்லது.

பல வருஷமா ஒரே மருந்து. இப்ப கேக்க மாட்டேங்குது. மாத்தணுமா?

மாற்றுவதற்கு முன் அளவைச் சரிபாருங்கள். சில ஆண்டுகளாக மூடிக் கணக்கில் குறைவாகக் கொடுத்திருந்தால், மருந்தைத் தாங்கும் புழுக்களே மிஞ்சிப் பெருகியிருக்கக்கூடும். எடைக்குச் சரியான முழு அளவை ஒருமுறை கொடுத்து, 10 முதல் 14 நாளில் எச்சத்தைச் சோதிக்க வேண்டும். அப்போதும் முட்டைகள் குறையாமல் இருந்தால் மருந்து பலிக்கவில்லை என்று கொள்ளலாம். இதற்குள்ளேயே நல்ல முடிவு வந்துவிட்டால், குறை மருந்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது; அதற்கான விடை முன்பே சொல்லப்பட்டது.

மாற்றும்போது கடைக்காரர் ஆல்பென்டசோலுக்குப் பதில் ஃபென்பென்டசோலை எடுத்துக் கொடுப்பார். இரண்டும் ஒரே குடும்பம், புழுவைத் தாக்கும் விதமும் ஒன்றே. பெயர் மாறினாலும் அது மாற்றம் ஆகாது. பெரிய உருளைப்புழுவுக்கு மட்டும் என்றால் பைபரசின், பிற உருளைப்புழு வகைகளும் சேர்ந்திருந்தால் மருத்துவரின் மேற்பார்வையில் லெவமிசோல் என வேறு குடும்பத்து மருந்துக்குப் போக வேண்டும்.